கரை கண்டவரின் வார்த்தை

1951-ஆம் ஆண்டில், அமெரிக்க தேசத்தின் பாஸ்டன் நகரத்திலுள்ள பீட்டர் பென்ட் பிரிகாம் ஆஸ்பத்திரியில், டுவைட் ஹார்க்கன் என்னும் ரண வைத்தியரிடம் இருதய சிகிச்சை செய்துகொண்டு உயிர் மீண்ட நோயாளிகள் நால்வர், தாங்கள் பட்ட பயத்தை இனி வரப்போகிறவர்களும் தனியே கிடந்து படலாகாது என்று கருதி, அதே சிகிச்சைக்குக் காத்திருப்போரைத் தேடிச் சென்று பேசுவதைத் தங்கள் கடமையாக ஏற்றுக்கொண்டார்கள். செப்பனிட்ட இருதயங்கள் என்று பொருள்படும் 'மெண்டட் ஹார்ட்ஸ்' என்னும் சங்கம் அதிலிருந்து பிறந்தது. மறு ஆண்டில் டெரீஸ் லாஸர் என்னும் பெண்மணி, மார்பகப் புற்றுக்குத் தாம் செய்துகொண்ட சிகிச்சையின் அனுபவத்தை மூலதனமாகக் கொண்டு, அவ்வாறே துயருற்ற மற்றப் பெண்களின் கட்டிலருகே போய் அமர்ந்தார். வைத்தியர்களில் பலர் அதை அதிகப்பிரசங்கித்தனம் என்று எண்ணினர். ஆனால் 1969-இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமே அவருடைய பணியைத் தன் பணியாக ஏற்றுக்கொண்டது.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. பிறர் நோவை உணராதவரைக் கடிந்துகொள்வதற்கே அதைச் சொல்லுகிறோம் எனினும், அதற்குள் இன்னொரு பொருளும் இருக்கிறது: வந்து போனவனுக்கு அது தெரியும், ஆகையால் அவனிடம் கேட்கலாம். ஆனால் ஈரல் மாற்று சிகிச்சையின் ஆரம்ப காலத்தில் அவ்வாறு கேட்பதற்கு ஒருவருமே இல்லை என்பதுதான் அச்சிகிச்சையின் சரித்திரத்தில் என் மனத்தை மிகவும் வருத்துகிற விஷயம்.

1963-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 1-ஆம் தேதி, டென்வர் நகரத்தில், பித்த நாளங்கள் செவ்வனே அமையாமல் பிறந்த மூன்று வயதுக் குழந்தைக்கு, தாமஸ் ஸ்டார்ஸல் என்னும் வைத்தியர் மனித குலத்தின் முதல் ஈரல் மாற்று சிகிச்சையைச் செய்தார். பெருகிய ரத்தத்தை நிறுத்த இயலாமையால் அக்குழந்தை சிகிச்சை மேஜையிலேயே மரித்தது. அதைத் தொடர்ந்து டென்வரிலும், பின்னர் பாஸ்டனிலும் பாரிஸிலும் முயற்சி செய்யப்பட்டவர்களில் எவரும் ஒரு மாதத்தை எட்டவில்லை. ஸ்டார்ஸல் தாமாகவே கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஆராய்ச்சிச் சாலைக்குத் திரும்பி, மீண்டும் 1967-இல்தான் துணிந்தார். அவ்வாண்டு ஜூலையில் ஈரல் புற்றுக்காக மாற்றப்பட்ட, இரண்டு வயதும் நிரம்பாத குழந்தையொன்று ஓராண்டுக்கு மேல் ஜீவித்தது. அதுவே முதல் வெற்றி என்று எண்ணப்பட்டது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் ராய் கான் என்னும் வைத்தியர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் தொடங்கினார்.

அந்நாட்களில் தம் குழந்தையை ஏந்திக்கொண்டு அந்த ஆஸ்பத்திரிகளின் வாசலில் நின்ற தாய் தந்தையரை நினைத்துப் பார்க்கிறேன். வைத்தியர் சொன்னதைத் தவிர வேறு வார்த்தை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. வைத்தியருக்கோ, சொல்வதற்குத் தமக்கே அதிகம் தெரியவில்லை. அக்காலத்துக் குழந்தைகளில் 1970-இல் டென்வரில் ஈரல் மாற்றப்பட்ட சிறுமி ஒருத்தி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தாள் என்பது பின்னால் தெரியவந்த செய்தி; அன்று அவளைக் கண்டவர்களுக்கு அது தெரிய நியாயமில்லை.

இந்த நிலைமையை மாற்றியது நார்வே தேசத்து ஹர்டாங்கர்விட்டா பீடபூமியின் ஒரு பிடி மண். அதிலிருந்த பூஞ்சைக் காளானிலிருந்து ஸ்விட்ஸர்லாந்தின் பாஸல் நகரத்து சாண்டோஸ் கம்பெனியார் பிரித்தெடுத்த சைக்ளோஸ்போரின் என்னும் மருந்து, அந்நிய அவயவத்தைப் பகைவனென்று தாக்கும் உடம்பின் சக்தியை அடக்குவதில் நிகரற்றது என்பது வெளிப்பட்டது. 1978-இல் கான் அதை அவயவம் மாற்றப்பட்ட நோயாளிகளுக்கு முதன்முதலாகக் கொடுத்தார். ஸ்டார்ஸல் அதைப் பிரெட்னிசோன் மருந்துடன் சேர்த்துக் கொடுக்கும் முறையைக் கண்டார். ஓராண்டு பிழைப்போர் நூற்றுக்கு முப்பது பேர் என்றிருந்தது எழுபது பேராக உயர்ந்தது. 1983 ஜூனில் பெதெஸ்டாவில் கூடிய நிபுணர் சபை, இது இனி வெறும் சோதனை அன்று, விரிவாகக் கையாளத் தக்க சிகிச்சையே என்று தீர்ப்பளித்தது. பிழைத்தவர் பெருகினர்; பெருகவே, கேட்பதற்கு ஆள் கிடைத்தார்கள்.

கிடைத்த இடம் பிட்ஸ்பர்க். 1981-இன் தொடக்கத்தில் ஸ்டார்ஸல் அந்நகரத்துக்குக் குடிபெயர்ந்தார். இரும்பாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வந்த அந்த நகரத்துக்கு, அவருக்குப் பின்னால் தேசத்தின் நாலா திசைகளிலிருந்தும் மஞ்சள் படர்ந்த கண்களும் நீர் கோத்த வயிறுமாக நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். ஈரல் எந்த நேரத்தில் கிடைக்கும் என்பதை எவரும் சொல்ல இயலாது. கிடைத்தபின் அதைக் குளிரில் வைத்திருக்கக்கூடிய காலமோ அந்நாட்களில் சில மணி நேரமே. ஆகையால் நோயாளிகள் பேஜர் கருவியை இடுப்பில் செருகிக்கொண்டு, மனைவி மக்களோடு, ஆஸ்பத்திரிக்கு அருகிலேயே வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் தங்கிக் கிடக்க வேண்டியிருந்தது. அத்தகைய குடும்பங்களுக்காகவே 1983-இல் அந்நகரில் 'ஃபாமிலி ஹவுஸ்' என்னும் தர்ம விடுதி திறக்கப்பட்டது. காத்திருப்போரும் மீண்டவரும் ஒரே இடத்தில் கலந்தமையால், பாஸ்டனில் இருதய நோயாளிகள் தொடங்கிய வழக்கம் இங்கே, எவரும் திட்டமிடாமலே, வேரூன்றிற்று. ஈரல் முதலிய அவயவங்களை மாற்றிக்கொண்டவர்களின் 'டிரையோ' என்னும் சங்கமும் அந்த நகரத்திலேயே உருவாயிற்று.

காத்திருந்தவர்கள் எவற்றைக் கேட்டார்கள்? பெரும்பாலும் சிறிய விஷயங்களையே. இரவில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் பற்றியெரிவதுபோல் எழும் நமைச்சல், புதிய ஈரல் வந்தபின் எப்போது அடங்கும்? தழும்பு எவ்வளவு நீளம்? நடுராத்திரியில் அழைப்பு வந்து, ஓடிப்போய்ப் படுத்தபின், வந்த ஈரல் தகுதியற்றதென்று திருப்பி அனுப்பிவிட்டால் அந்த ஏமாற்றத்தை எவ்வாறு தாங்குவது? அந்நாளைய சைக்ளோஸ்போரின் ஆலிவ் எண்ணெயில் கரைந்த, மணமும் ருசியும் குமட்டுகிற திரவமாக இருந்தது. அதைப் பாலிலோ சாக்லேட் பாலிலோ ஆரஞ்சுச் சாற்றிலோ கலந்து, மருந்து ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் குவளையை விடுத்துக் கண்ணாடித் தம்ளரில், உடனே குடித்துவிட வேண்டும் என்பது மருந்துச் சீட்டில் எழுதியிருந்ததே. ஆயினும், மூச்சைப் பிடித்துக்கொண்டு நாள்தோறும் அதைக் குடித்தவன் ஒருவன் எதிரே உட்கார்ந்து சொன்னபோதுதான் அது குடிக்கக்கூடிய பண்டமாயிற்று. அம்மருந்தால் முகத்தில் ரோமம் அடர்வதையும், கை நடுங்குவதையும், பிரெட்னிசோனால் முகம் பூரண சந்திரன்போல் உப்புவதையும் கண்டு கண்ணாடி பார்க்க அஞ்சிய இளம்பெண்ணுக்கு, இரண்டாண்டுக்கு முன் அவ்வாறே இருந்து இப்போது தெளிந்த முகத்தோடு நின்ற இன்னொருத்தியைக் காட்டிலும் சிறந்த மருந்து இல்லை.

கேட்டவர்கள் நோயாளிகள் மட்டுமல்லர். கெட்ட ஈரலால் ரத்தத்தில் விஷம் தேங்கும்போது நோயாளி பகலில் உறங்கி இரவில் விழிப்பான்; கையெழுத்துக் கோணும்; பேச்சுப் பிறழும்; தனக்கு ஒன்றுமில்லை என்றே அவன் சாதிப்பான். அதை முதலில் அறிகிறவள் மனைவி. அந்த அடையாளங்களை இன்னொருவன் மனைவியிடமிருந்து கற்றுக்கொண்டு, காலந்தாழ்த்தாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வது எத்தனை பெரிய உபகாரம்!

குடியினால் ஈரல் கெட்டவர்களுக்கு இந்த உபகாரம் இரட்டிப்பாகத் தேவைப்பட்டது. தன் கையாலேயே கெடுத்துக்கொண்டவனுக்குப் பிறருடைய ஈரலைக் கொடுப்பது நியாயமா என்று நெடுங்காலம் வாதாடினார்கள். 1988-இல் ஸ்டார்ஸலும் அவருடைய சகாக்களும் அத்தகைய நோயாளிகளும் மற்றவரைப் போலவே நன்கு பிழைக்கிறார்கள் என்று அமெரிக்க வைத்திய சங்கத்தின் சஞ்சிகையில் எழுதி அந்த வாதத்தின் வேரை அசைத்தார்கள். நோயாளியைக் குற்றவாளியாக்கி வாசலிலேயே நிறுத்துவது வைத்திய தர்மமாகாது என்பதே என் அபிப்பிராயமும். ஆனால் குடியை விட்டபடியே இருப்பது கத்தியின் வேலையன்று; 1935-இல் ஒஹையோவின் ஆக்ரன் நகரில் குடியின் பிடியை அறிந்த ஒரு பங்குத் தரகரும் ஒரு வைத்தியரும் தம்முள் பேசித் தேறியதிலிருந்து பிறந்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் போன்ற கூட்டங்களில், விழுந்து எழுந்தவன் சொல்லுகிற சொல்லால் ஆகிற வேலை அது.

1989-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்தில் ஜப்பானியத் தாய் ஒருத்தியின் ஈரலில் ஒரு பகுதியை எடுத்து அவளுடைய மகனுக்கு வைத்து வெற்றி கண்டதோடு, கேட்பவரின் கூட்டத்தில் புதிதாக இன்னொருவர் வந்து சேர்ந்தார்: நோயே இல்லாமல் கத்திக்கு உடன்படுகிற கொடையாளர். வெட்டியெடுத்த ஈரல் சில மாதங்களில் பெரும்பாலும் வளர்ந்துவிடும் என்பது மெய்யே. கொடுத்தவர்களில் சிலர் இறந்திருக்கிறார்கள் என்பதும் மெய். இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லாத ஆலோசனை ஆலோசனையாகாது.

இனி நம் தேசத்துக்கு வருவோம். மூளைச் சாவுற்றவரிடமிருந்து அவயவம் பெறுவதற்கு இந்தியாவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் வழி வகுத்தது. 1998-இல் டெல்லியில் தந்தையின் ஈரலால் ஒரு குழந்தை பிழைத்தது. 2008-இல் தமிழ்நாட்டு அரசு அவயவ தானத்துக்கு முறையான ஏற்பாடு செய்தது. அவ்வாண்டிலேயே வைத்தியத் தம்பதியர் விபத்தில் இழந்த தம் மகனுடைய அவயவங்களை வழங்கியது ஜனங்களின் மனத்தைத் திறந்தது. சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் ஏழைகளுக்கும் இந்தச் சிகிச்சை கிட்டுகிறது. அந்த ஸ்டான்லியில் பயின்ற முகமது ரேலா, 1997-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆஸ்பத்திரியில் பிறந்து ஐந்தே நாளான சிசுவுக்கு ஈரல் மாற்றியவர்.

இப்போது எண்ணெய் மருந்து பெரும்பாலும் போய், டாக்ரோலிமஸ் என்னும் மாத்திரை வந்துவிட்டது. அதன் அளவை ரத்தத்தில் பார்ப்பதற்குக் காலை மாத்திரை விழுங்குமுன் ரத்தம் கொடுக்க வேண்டும்; ஆகையால் பரிசோதனை நாட்களில் மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பழையவரும் புதியவரும் ஒரே நேரத்தில் ஒரே பெஞ்சில் வந்து உட்காருகிறார்கள். "அண்ணே, மாத்திரை போட்டுட்டு வந்துடாதீங்க, ரத்தம் குடுத்துட்டுத்தான் போடணும்" என்று ஒருவர் சொல்லத் தொடங்குவதிலிருந்து பேச்சு வளருகிறது. மருந்தின் அளவையும் மாற்றத்தையும் வைத்தியரிடமே கேட்க வேண்டும். ஒருவர் உடம்புக்கு ஒத்தது மற்றவர் உடம்புக்கு நஞ்சாகலாம். மற்றெல்லாவற்றையும் அந்தப் பெஞ்சில் கேட்கலாம். மாற்று ஈரலோடு வாழ்கின்ற அன்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: ரத்தம் கொடுத்து மாத்திரையும் போட்டுக்கொண்ட பின், உடனே எழுந்து போய்விடாதீர்கள்; பக்கத்தில் மஞ்சள் கண்களோடு ஒருவர் உட்கார்ந்திருந்தால், அவர் கேட்டு முடிக்கும் வரை இருங்கள்.