தொட்டில் காத்திருக்கிறது: வெளிநாட்டு மகவேற்பு ஏன் தாமதமாகிறது?

பருத்தித்துறையில் எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் அம்மா ஒருவர் பழைய தொட்டிலைத் துடைத்து வைத்திருக்கிறார். கனடாவிலுள்ள மகளும் மருமகனும் இங்கிருந்து ஒரு பிள்ளையை மகவேற்க விண்ணப்பித்திருக்கிறார்கள். "ஒரு பிள்ளையைத் தர ஏன் தம்பி இவ்வளவு காலம்?" என்று என்னிடம் கேட்டார்.

1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க மகவேற்புக் கட்டளைச் சட்டப்படி, நீதிமன்றக் கட்டளை இல்லாமல் மகவேற்பு செல்லாது. இலங்கைக் குடியுரிமை இல்லாதவர், யாழ்ப்பாணத்தில் பிறந்திருந்தாலும், வெளிநாட்டு விண்ணப்பதாரரே. அவரது குடும்ப நிலை அறிக்கை நன்னடத்தை சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்துக்கு வரவேண்டும். எந்தப் பிள்ளை என்பதையும் திணைக்களமே தீர்மானிக்கும். இலங்கை 1995இல் ஏற்றுக்கொண்ட ஹேக் சமவாயத்தின்படி, உள்நாட்டில் பொருத்தமான குடும்பம் கிடைக்குமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இந்த இறுக்கத்துக்குக் காரணம் உண்டு. 1980களில் ஆயிரக்கணக்கான இலங்கைப் பிள்ளைகள் ஐரோப்பாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தரகர்கள் காசு பார்த்தனர். பலரது பத்திரங்கள் பொய்யானவை. வளர்ந்த பிள்ளைகள் இன்று பெற்ற தாயைத் தேடி வருகிறார்கள். இத்தகைய முறைகேடுகளை விசாரித்த அறிக்கையின் பின், நெதர்லாந்து 2021இல் வெளிநாட்டு மகவேற்பை இடைநிறுத்தியது.

ஆகவே "கெதியாய் முடித்துத் தாறன்" என்று காசு கேட்பவரை நம்பாதீர்கள். பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள்.

இதையெல்லாம் சொன்னபோது அம்மா சற்று நேரம் பேசவில்லை. காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படம் அவர் வீட்டுச் சுவரிலும் இருக்கிறது. "அப்ப வடிவாய் விசாரிச்சே தரட்டும்" என்றார்.