வன்தட்டைக் கழட்டி மாட்டிய வரலாறு

பழைய வன்தட்டைப் புதுப் பொட்டியில மாட்டினா அப்படியே ஓடணும்; நம்ம எல்லார் ஆசையும் அதானே? 2001ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி ஒத்துக்காது. பழைய மதர்போர்டோட டிஸ்க் கன்ட்ரோலருக்கான டிரைவர்தான் அதுக்குத் தெரியும். புது போர்டில் கன்ட்ரோலர் வேறன்னா, நீலத்திரை. அதைத் தாண்டினாலும் ஆக்டிவேஷன் தொல்லை. ஆனா வேற பொட்டியில ரெண்டாவது தட்டா மாட்டினா, கோப்பெல்லாம் பத்திரமா இருக்கும்.

2012ல் விண்டோஸ் 8 வந்தப்புறம் பெரும்பாலும் தானே சமாளிச்சுக்குது. இப்ப பூட்டு வேற இடத்துல. பிட்லாக்கர் போட்ட தட்டுன்னா சாவி பழைய போர்டின் டிபிஎம்மோட பிணைஞ்சிருக்கும். புதுப்பொட்டி 48 இலக்க மீட்பு எண் கேட்கும். அது இல்லைன்னா போட்டோவெல்லாம் போச்சு. என்னைக் கேட்டா நீலத்திரையே தேவலை. கழட்டுறதுக்கு முன்னாடி அந்த எண்ணை எழுதி வைங்க மக்களே!