பத்துக்குப் பூஜ்யம்

பாசிர் பெனம்பாங்கில் ஆற்றோரமாக இரவெல்லாம் திறந்திருக்கும் ஒரு கடை இருந்தது. விடியுமுன் கடலுக்குப் போகும் சீன மீனவர்களும், செம்பனை ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து வரும் நம்மவர்களும் அங்கே உட்கார்ந்து தே தாரிக் குடிப்பார்கள். 2015 செப்டம்பர் 3ஆம் தேதி இரவு நானும் என் மாமாவும் அங்கேதான் இருந்தோம். உலகக் கிண்ணத் தகுதிச் சுற்று. அபுதாபியில் மலேசியாவும் ஐக்கிய அரபு சிற்றரசும் மோதின. ஆட்டம் முடியும்போது நள்ளிரவு தாண்டியிருந்தது. மலேசியா 0, எமிரேட்ஸ் 10.

மூன்றாவது கோல் வரைக்கும் கடையில் திட்டினார்கள். ஐந்தாவதுக்குப் பிறகு சிரிக்க ஆரம்பித்தார்கள். ஏழாவது விழுந்ததும் பக்கத்து மேசைக்காரர், "இன்னும் மூணு போடச் சொல்லுலா, கணக்கு ரவுண்டா வரட்டும்" என்றார். பத்தாவதுக்குக் கைதட்டல். நானும் தட்டினேன். மாமா மட்டும் குவளையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வெளியே வந்து மோட்டாரை எடுக்கும்போதுதான் வாயைத் திறந்தார். "வீட்டுல எழவு விழுந்தா இப்படித்தான் கை தட்டுவியாடா?"

அந்தக் கேள்வி என்னைச் சில வருடம் விடவில்லை. பெரிய தோல்வி ஒன்றின் முன்னால் ஒருவன் அழுகிறானா, கோபப்படுகிறானா, சிரிக்கிறானா என்பது அவனுடைய குணத்தை மட்டும் பொறுத்ததல்ல என்று இப்போது நினைக்கிறேன். அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. கோலா சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களில் பிறந்த எங்களைப் போன்றவர்களுக்கு அந்த வரலாறு திடலில் தொடங்குகிறது.

மாமா 1957இல் பிறந்தவர், நாடு சுதந்திரம் அடைந்த வருடத்துப் பிள்ளை. புக்கிட் ரோத்தானுக்கு உள்ளே இருந்த ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தார். ஆபீசுக்கும் லயங்களுக்கும் நடுவில் ஒரு திடல். துரைமார்கள் கொண்டுவந்த விளையாட்டு அது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்தத் திடல் யாருடையது என்பதில் தோட்டத்தில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. கிராணியின் மகனும் பால்மரம் வெட்டுகிறவரின் மகனும் ஒரே அணியில் ஆடுவார்கள். காலணி இருப்பவன் போட்டுக்கொள்வான், இல்லாதவன் வெறுங்காலோடு இறங்குவான். பக்கத்துத் தோட்டத்தோடு ஆட்டம் என்றால் லயமே காலியாகி லாரியில் ஏறும்.

தோற்றால்? "மறுநாள் காலைல பெரட்டுல நிக்க முடியாதுடா," என்பார் மாமா. இருட்டோடு பேர் கூப்பிடும்போதே மண்டோர் ஆரம்பித்துவிடுவார்: "நாலு வாங்கினவங்கல்லாம் இந்தப் பக்கம் நில்லுங்க." கோல் காவலராக நின்ற பையனின் அம்மா மூன்று நாளைக்கு யாரோடும் பேசமாட்டாராம். அது வெறும் விளையாட்டுத் தோல்வி இல்லை, குடும்பத்துக்கு வந்த குறை.

இந்த உணர்வோடுதான் அவர்கள் 1972ஐ எதிர்கொண்டார்கள். மலேசியா முதன்முறையாக ஒலிம்பிக் காற்பந்துக்குத் தகுதி பெற்று மூனிக் போன வருடம் அது. அந்த அணியின் தற்காப்பில் எம். சந்திரன் இருந்தார். ஆகஸ்ட் 27ஆம் தேதி மேற்கு ஜெர்மனியிடம் 0-3 என்று தோல்வி. 29ஆம் தேதி அமெரிக்காவை 3-0 என்று வென்றார்கள். மூன்றாவது ஆட்டம் மொரோக்கோவோடு. தேதி ஆகஸ்ட் 31, சுதந்திர தினம். அதுவும் பதினைந்தாவது ஆண்டு.

மாமாவுக்கு அப்போது பதினைந்து வயது. காலையில் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் கொடியேற்றம், மாலையில் மண்டபத்தில் கலைநிகழ்ச்சி. ஜெர்மனியில் மாலை ஆட்டம் என்றால் நமக்கு இரவு. முடிவு மறுநாள்தான் தெரிந்தது: 0-6. "அமெரிக்காவையே அடிச்சோமேடா, அதுக்கப்புறம் ஆறா?" என்று இன்றும் கேட்கிறார், ஏதோ நான்தான் விட்டுவிட்டேன் என்பதுபோல. அன்றைக்கு அவர் அழுதிருக்கிறார். அவர் அப்பா, அதாவது என் தாத்தா, பேசாமல் போய்த் திடலோரம் உட்கார்ந்திருக்கிறார். மூனிக் எங்கே, மொரோக்கோ எங்கே என்று வரைபடத்தில் காட்டத் தெரியாத மனிதர் அவர். ஆனால் தோற்றது தன் அணி என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த பத்தாண்டு அந்த நம்பிக்கையை இன்னும் வலுவாக்கியது. போர்ட் கிள்ளானிலிருந்து வந்த ஆர். ஆறுமுகம் சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் கோல் காவலரானார். நீண்ட கைகளுக்காக அவரை 'ஸ்பைடர்மேன்' என்றார்கள். மொக்தார் டஹாரி, சோ சின் ஆன், சந்தோக் சிங், ஆறுமுகம் என்று அணியின் பெயர்களைச் சொன்னாலே நாட்டின் முகம் தெரியும். 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார்கள். பிறகு புறக்கணிப்பு வந்தது, அணி போகவில்லை. 2016இல் வந்த 'ஓலா போலா' படம் இந்தக் கதையின் சாயலில் எடுக்கப்பட்டது. ஆறுமுகம் 1988 டிசம்பரில் சாலை விபத்தில் இறந்தார். எங்கள் தோட்டத்துப் பையன்கள் அதற்குப் பிறகும் வெகுகாலம் கோல் கம்பத்துக்கு நடுவில் நிற்கும்போது "நான்தான் ஆறுமுகம்" என்று சொல்லிக்கொண்டுதான் நின்றார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அதே காலத்தில் காலுக்குக் கீழே நிலம் நகர்ந்துகொண்டிருந்தது. சுதந்திரத்தை ஒட்டி நடந்த தோட்டத் துண்டாடலில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அதற்கு எதிராகத்தான் 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். அடுத்து, ரப்பர் மரங்கள் விழுந்து செம்பனை வந்தது. செம்பனைக்குக் குறைந்த ஆட்கள் போதும். அந்தக் குறைந்த ஆட்களும் மெல்ல மெல்ல வெளிநாட்டுத் தொழிலாளர்களானார்கள். வேறு பல இடங்களில் தோட்டம் வீடமைப்புத் திட்டமானது. நம் குடும்பங்கள் கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குப் போயின. லயம் போனதைப் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம். கோவில், பள்ளிக்கூடம் போனதைப் பற்றியும் எழுதியிருக்கிறோம். திடல் போனதைப் பற்றி அதிகம் எழுதவில்லை. எங்கள் திடலில் இப்போது செம்பனை நிற்கிறது. கோல் கம்பம் இருந்த இடத்தை மாமா மட்டும் அடையாளம் காட்டுவார்.

திடல் போனதும் அணியில் நம் பெயர்களும் அருகின. பெயர்கள் அருகியதும் தோல்வியின் வலியும் குறைந்தது. 2007இல் ஆசியக் கிண்ணத்தை மலேசியா மற்ற மூன்று நாடுகளோடு சேர்ந்து நடத்தியது. சொந்த மண்ணிலேயே சீனாவிடம் 1-5, உஸ்பெகிஸ்தானிடம் 0-5, ஈரானிடம் 0-2. எனக்கு அந்த நாட்கள் சரியாக நினைவில்கூட இல்லை.

இடையில் ஒரேயொரு முறை பழைய வலி திரும்ப வந்தது. 2010 டிசம்பர் 1, ஜக்கார்த்தாவில் ஏஎப்எப் சுசுகி கிண்ணத்தின் முதல் ஆட்டம். இந்தோனேசியாவிடம் 1-5. பயிற்றுநர் கே. ராஜகோபால், சிலாங்கூருக்கு ஆடியவர், முந்திய வருடம்தான் சீ விளையாட்டில் தங்கம் வாங்கித் தந்தவர். அன்று கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோர் முகத்திலும் ஒரு பயம். மாமா அதைப் பட்டென்று சொன்னார்: "தோத்தா ராஜகோபால் தோத்தாரும்பான். ஜெயிச்சா மலேசியா ஜெயிச்சுதும்பான்."

இது நம்மிடம் மட்டும் இருக்கிற பயமல்ல. 1950இல் மரக்கானா அரங்கில் உருகுவேயிடம் 1-2 என்று பிரேசில் உலகக் கிண்ணத்தை இழந்தபோது, பழி முழுவதும் பார்போசா என்ற கறுப்பினக் கோல் காவலரின் தலையில் விழுந்தது. 2000இல் சாகும்வரை அவர் அதைச் சுமந்தார். அணியில் சிறுபான்மையாக இருப்பவனுக்குத் தோல்வியில் பங்கு எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே எழுதப்படுகிறது.

ராஜகோபாலின் அணி அங்கிருந்து எழுந்தது. தாய்லாந்தோடு சமன். லாவோசை 5-1 என்று வென்றது. அரையிறுதியில் வியட்நாம் வெளியேறியது. இறுதியில் மறுபடியும் இந்தோனேசியா. டிசம்பர் 26, புக்கிட் ஜாலிலில் 3-0. 29ஆம் தேதி ஜக்கார்த்தாவில் 1-2 என்று தோற்றும் மொத்தத்தில் 4-2. 31ஆம் தேதி நாட்டுக்கே பொது விடுமுறை. ஐந்து கோல் வாங்கிய அதே அரங்கில், அதே மாதத்தில், கிண்ணத்தைத் தூக்கினார்கள். அந்த அணியில் எஸ். குணாளனும் இருந்தார். கடையில் சீனத் தௌக்கே எல்லோருக்கும் தண்ணி இலவசம் என்றார். மாமா மூன்று குவளை மைலோ குடித்தார்.

ஐந்தே வருடத்தில் எப்படி நாங்கள் கைதட்டும் கூட்டமானோம்? 2015இல் மட்டும் ஓமானிடம் 0-6, புக்கிட் ஜாலிலில் பாலஸ்தீனத்திடம் 0-6, பிறகு அந்தப் பத்து. பயிற்றுநர் டோலா சாலே பதவி விலகினார். செப்டம்பர் 8ஆம் தேதி ஷா ஆலாம் அரங்கில் சவூதி அரேபியாவோடு ஆட்டம். நான் போயிருந்தேன். மலேசியா முதலில் கோல் அடித்தது, சவூதி இரண்டு அடித்து முந்தியது. அப்புறம் ரசிகர் பகுதியிலிருந்து ஃபிளேர்களும் பட்டாசும் திடலுக்குள் பறந்தன. புகையில் எதுவும் தெரியவில்லை. 87ஆவது நிமிடத்தில் ஆட்டம் நிறுத்தப்பட்டது. பிபா சவூதிக்கு 3-0 என்று வெற்றியைக் கொடுத்தது.

அந்தப் பையன்கள் செய்தது ஆபத்தானது, நியாயப்படுத்த முடியாதது. குழந்தைகள் அழுதுகொண்டே வெளியே ஓடியதைப் பார்த்தேன். ஆனால் வாசலில் ஒரு மலாய் இளைஞன் தன் மஞ்சள் சட்டையைக் கழற்றி முகத்தில் பொத்திக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? சங்கத்தின் மீது அவனுக்கு அவ்வளவு கோபம் வரக் காரணம், அணி தன்னுடையது என்பதில் அவனுக்கு ஐயமே இல்லை. நான் பாசிர் பெனம்பாங்கில் கைதட்டியவன். என் சிரிப்பை நான் பக்குவம் என்று நினைத்திருந்தேன். அடுத்த வீட்டுச் சண்டையை வேலிக்கு மேலே எட்டிப் பார்ப்பவனின் சிரிப்பு அது.

நம்மவர் சும்மா இருந்துவிடவில்லை. மிஃபா அணி லீக்கில் ஏறி, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் 2019இலிருந்து சூப்பர் லீக்கில் ஆடியது. 2022 பருவத்தோடு விலகிக்கொண்டது. அது தனிக்கதை. அணி கட்டுவது பணத்தால் ஆகக்கூடும். ஞாயிற்றுக்கிழமை லாரியில் ஏறும் லயத்தை எந்தப் பணம் கட்டும்?

2024 ஆகஸ்ட் 24, சனிக்கிழமை. எப்ஏ கிண்ண இறுதி ஆட்டம், புக்கிட் ஜாலில். சிலாங்கூரும் ஜோகூர் டாருல் தாக்சிமும். பழைய கடை இப்போது இல்லை, பாலத்துக்குப் பக்கத்தில் வேறொரு கடை. மாமாவுக்கு 67 வயது. என் அக்காள் மகன், பத்து வயது, சிவப்பும் மஞ்சளுமாகச் சட்டை போட்டு வந்திருந்தான். அவன் தோட்டத்தைப் பார்த்ததில்லை. சிலாங்கூர் என்றால் அவனுக்கு அவன் ஊர், அவ்வளவுதான். முடிவு 1-6.

நான்காவது கோலில் பையன் எழுந்து ஆற்றோரம் போய்விட்டான். தோளைப் பார்த்தாலே அழுகிறான் என்று தெரிந்தது. பக்கத்து மேசையில் வழக்கம்போலச் சிரிப்பு. நான் சமாதானம் சொல்ல எழுந்தேன். மாமா என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"விடுறா. அழட்டும்."

கொஞ்ச நேரம் கழித்து அவரே எழுந்து போனார். படகுகள் கட்டியிருந்த இடத்தில் இருவரும் நிற்பது தெரிந்தது. என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. மாமா கையை நீட்டி எதையோ காட்டிக்கொண்டிருந்தார், கோல் கம்பம் எவ்வளவு அகலம் என்பதுபோல. திரும்பி வரும்போது பையன் என்னிடம் கேட்டான்: "மாமா, ஆறுமுகம்னா யாரு?"