முத்துச் சலாபமும் தொலைக் காவலும்

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, அரிப்பு, சிலாபத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய ஊர்களுக்கு எதிரே, முத்துச் சிப்பிகள் வாழும் கடலடித் திட்டுகள் உள. இவற்றைப் 'பார்' என வழங்குவர். ஆங்கிலர் ஆட்சியில் இவற்றுக்கு உரிமை பூண்டோர் கொழும்பிலிருந்தனர். செல்வமோ கரைக்கு அப்பாற் பல மைல் தொலைவில், பல பாக ஆழத்திற் கிடந்தது. காணாப் பொருளைச் சேய்மையிலிருந்து காத்தலும் ஆளுதலும் எங்ஙனம் என்பதே அன்றைய வினா.

குளியாளுக்கும் தோணியில் நிற்போனுக்கும் இடையிலிருந்த கயிறே முதற்கருவி. கீழிருந்து அசைத்தால், மேலே நிற்போன் இழுப்பான். ஆளுநர் பிரடெரிக் நோர்த், சலாபத்தை மேற்பார்வை செய்தற்பொருட்டு 1801 முதல் 1804 வரையிலான காலத்தில் அரிப்பிற் கட்டிய மாளிகை இன்று இடிந்து, கடலரிப்புக்கு இரையாகி வருகிறது. பின்னர், பார்க் கண்காணிப்பாளர் பார்களை ஆராய்ந்து, சிப்பிகள் சிலவற்றை எடுப்பித்து, அவற்றின் முத்துகளை மதிப்பிடுவித்தார். மாதிரி நன்றெனிற் சலாபம் அறிவிக்கப்படும். அன்றெனிற் பார் ஓய்வு பெறும்.

எனினும் இம்முறைக்கு ஒரு குறை இருந்தது. ஓராய்வில் நிறைந்து கிடந்த இளஞ்சிப்பிகள் அடுத்த ஆய்வில் மறைந்துபோயின. 1891-இல் நிகழ்ந்த சலாபத்துக்குப் பின் 1903 வரை வேறொன்று கூடவில்லை. 1902-இல் ஆராய வந்த பேராசிரியர் ஹெர்ட்மன், தென்மேற்குப் பருவக் காற்றால் நகரும் மணலும் பகை உயிர்களும் சிப்பிகளை அழித்தல் கண்டார். இரண்டு ஆய்வுகளுக்கு இடைப்பட்ட காலத்தைக் காண்பார் இலர் என்பதே உண்மைக் குறையாம்.

1905-இல் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அவ்வெற்றியால் மயங்கி, 1906-இல் அரசு பார்களை ஒரு வணிகக் குழுமத்துக்கு ஆண்டொன்றுக்கு மூன்று இலட்சத்துப் பத்தாயிரம் ரூபா வீதம் இருபதாண்டுக் குத்தகைக்கு விட்டது. 1907-க்குப் பின் பார்கள் வறண்டன. 1912-இல் குழுமமும் கலைந்தது. கண்காணிப்பு இருந்தது, அறிந்ததற்கேற்ப அடங்கி நடக்கும் மனமே இல்லாதுபோயிற்று.

இவ்வரலாற்றை இன்று நினைப்பூட்டுவது ஒரு பெயர். 1987-இல் லாரி வால் என்னும் அமெரிக்க அறிஞர் தாம் வகுத்த கணினி மொழிக்கு முத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையே சூட்டக் கருதினார். அப்பெயருடைய மொழி முன்னரே இருந்தமையின் ஓரெழுத்தை நீக்கிப் 'பெர்ல்' என்றார். அம்மொழியில் ரோலண்டு ஹூஸ் என்பார் 'ஜேஎம்எக்ஸ்4பெர்ல்' என்னும் நிரல் தொகுதியை ஆக்கினார். தொலைவிலுள்ள வழங்கிக் கணினியில், ஜாவா மொழியில் அமைந்த வலைச் செயலிகளின் உள்ளே ஒரு முகவன் நிறுவப்படும். நினைவகம் எவ்வளவு நிரம்பிற்று, எத்துணைப் பணிகள் ஓடுகின்றன என நம் நிரல் வினவும். முகவன் விடை தரும். கட்டளையிட்டால் நிறைவேற்றவும் செய்யும். குளியாளும் கயிறும் மாதிரிச் சிப்பியும் இங்கே வேறு உருவில் அமைந்துள்ளன. பருவத்துக்கொரு முறை கேட்ட வினாவை நிமிடந்தோறும் கேட்கலாம் என்பதே வேறுபாடு.

ஆயினும் குத்தகையின் பாடம் மாறவில்லை. காண்பதற்கான உரிமை வேறு. மாற்றுவதற்கான உரிமை வேறு. இதனை உணர்ந்தே, எவர் எதனைப் படிக்கலாம், எவர் எதனை ஏவலாம் என அம்முகவனுக்கு வரம்பு விதிக்க வழி செய்துள்ளனர். கட்டளையிடும் ஆற்றலை வரம்பின்றி வழங்குவோர், நிரம்பிய பாரை வெறும் மணலாக்கிய பிழையையே மீண்டும் செய்தவராவர். தொலைவிலிருந்து ஆள்வோர்க்குக் கூரிய கண் வேண்டும். அதனினும் கை அடக்கம் வேண்டும். இதுவே மன்னார்க் கரை நமக்குக் கற்பிக்கும் பாடமாகும்.