மணிமங்கலம்

காஞ்சிபுரம் மாவட்டத்தில், தாம்பரத்துக்கு மேற்கே சுமார் 12 கி.மீ. தொலைவில் உள்ள பழைய ஊர் மணிமங்கலம். இருங்காட்டுக்கோட்டையின் கார் தொழிற்சாலைக்குத் தென்கிழக்கிலும் ஒரகடத்துக்கு வடகிழக்கிலுமாக, இரண்டு தொழிற்பேட்டைகளுக்கும் நடுவில் பெரிய ஏரியோடு அமைந்திருக்கிறது. அடையாற்றின் தலைமடைப் பகுதி இது. ஆற்றின் பிறப்பிடம் மலைப்பட்டு ஏரி என்று சிலரும் ஆதனூர் ஏரி என்று சிலரும் எழுதுகிறார்கள். இரண்டுமே மணிமங்கலத்தின் அக்கம்பக்கம்தான் என்பதால் இந்தச் சண்டையில் ஊருக்கு நட்டமில்லை. உண்மையில் அடையாறு ஓர் ஊற்றிலிருந்து புறப்படும் ஆறன்று. ஓர் ஏரியின் கலங்கல் வழிந்து அடுத்த ஏரியை நிரப்ப, அது வழிந்து அதற்கடுத்ததை நிரப்ப, இப்படிச் சுமார் 200 ஏரிகளின் உபரிநீர் திரண்டு 42 கி.மீ. ஓடி வங்கக் கடலில் கலக்கிறது.

ஊரின் பெயர் வரலாற்றில் முதலில் தெரிய வருவது ஒரு போரால். பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, அவனுடைய பாட்டன் நரசிம்மவர்மன் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியைப் பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் புறமுதுகிடச் செய்ததாகச் சொல்கிறது. பிற்காலத்து உதயேந்திரம் செப்பேடும் அதே வரிசையில் இந்தப் பெயர்களைத் தருகிறது. தொடர்ந்து வாதாபி வீழ்ந்தது 642-ஐ ஒட்டி. பரியளமும் சூரமாரமும் பெயரளவில் நின்றுவிட, மணிமங்கலம் மட்டும் இன்றும் அதே பெயரோடு இருக்கிறது. கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ படித்தவர்களுக்கு இந்தப் பெயர் புதிதாக இராது. காஞ்சிக்கும் கடற்கரைக்கும் இடைப்பட்ட இந்தச் சமவெளியில் படைகள் மோதியது அந்த ஒரு முறை மட்டுமல்ல. மகேந்திரவர்மன் பகைவரை வென்றதாகச் சொல்லப்படும் புள்ளலூரும் காஞ்சியை அடுத்ததுதான். 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினிப் படையை அழித்ததும் அங்கேதான்.

சோழர் காலத்தில் மணிமங்கலம் பிராமணர்களுக்கு வழங்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். கல்வெட்டுகள் இதை ஜயங்கொண்ட சோழமண்டலத்துச் செங்காட்டுக் கோட்டத்து மாகனூர் நாட்டு ஊராகக் குறிக்கின்றன. அரசர் மாற மாற ஊரின் பட்டப்பெயரும் மாறியது: ராஜராஜனின் தேவியை நினைவூட்டும் உலோகமாதேவிச் சதுர்வேதிமங்கலம், பின்னர் ராஜசூளாமணிச் சதுர்வேதிமங்கலம், அதற்கும் பின்னர் கிராமசிகாமணிச் சதுர்வேதிமங்கலம். இவை எதுவும் மக்கள் நாவில் ஒட்டவில்லை.

ராஜகோபாலப் பெருமாள் கோயில் சுவர்களிலுள்ள கல்வெட்டுகள் சோழ வரலாற்றுக்கு முதன்மைச் சான்றுகள். கல்வெட்டியலாளர் எ. ஹுல்ஷ் இவற்றைப் படித்து, 1899-இல் வெளிவந்த ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ மூன்றாம் தொகுதியின் முதற் பகுதியில் பதிப்பித்தார். 1046-ஐச் சேர்ந்த முதலாம் ராஜாதிராஜனின் கல்வெட்டு அவற்றுள் ஒன்று. இரண்டாம் ராஜேந்திரனின் கல்வெட்டு சாளுக்கியரோடு நடந்த கொப்பம் போரை வருணிக்கிறது. அரசனின் யானை நெற்றியில் அம்பு தைத்ததும் அவன் தொடையில் பாய்ந்ததும் கூட அதில் உண்டு. வீரராஜேந்திரனின் ஐந்தாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இவற்றையெல்லாம் விஞ்சும். சாளுக்கிய மன்னன் ஆகவமல்லன் கூடலில் மீண்டும் போரிட வருமாறு ஓலை விடுத்தான். சோழன் குறித்த களத்துக்குச் சென்று காத்திருந்தான். ஓலை விடுத்தவன் வரவே இல்லை. சோழன் துங்கபத்திரைக் கரையில் வெற்றித்தூண் நட்டு, வராதவனைப் போல ஓர் உருவம் செய்து அவமதித்துத் திரும்பினான். அந்த ஆகவமல்லன் தீராத நோயால் 1068-இல் துங்கபத்திரையில் மூழ்கி உயிர் விட்டான் என்பதையும் சேர்த்துப் படித்தால், அவன் ஏன் வரவில்லை என்பதற்கு வேறொரு காரணமும் இருந்திருக்கலாம் என்று தோன்றும். அரசனின் புகழ்பாடும் மெய்க்கீர்த்தியை எழுதுபவர் வேலை அதை ஆராய்வதன்று.

இத்தனை ஆரவாரத்துக்கும் பின்னே கல்வெட்டு சொல்ல வரும் செய்தி சிறியது: ஊர் மகாசபை கோயிலுக்கு நிலம் விட்டது, அதன் எல்லைகள் இவை என்பதுதான். வரலாற்று நூல்கள் முற்பாதியை எடுத்துக்கொண்டு பிற்பாதியை விட்டுவிட்டன. மணிமங்கலத்தின் சொந்த வரலாறு அந்தப் பிற்பாதியில்தான் இருக்கிறது.

கோயிலின் ராஜகோபாலர், வழக்கத்துக்கு மாறாக வலக்கையில் சங்கும் இடக்கையில் சக்கரமும் ஏந்தி நிற்கிறார். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள தர்மேசுவரர் கோயில், பின்புறம் வளைந்த தூங்கானை மாட அமைப்பு கொண்டது. தொண்டை மண்டலத்தில் மிகுதியாகக் காணப்படும் இந்த வடிவத்தைப் பார்க்க விரும்புபவர்களுக்கு நல்ல எடுத்துக்காட்டு.

இந்த வட்டாரம் ஏரிகளைப் பராமரித்த விதம் பற்றிய மிகத் தெளிவான சான்று பக்கத்து ஊரான சோமங்கலத்தில் கிடைக்கிறது. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பெருமழையால் அவ்வூர் ஏரிக்கரை பல இடங்களில் உடைந்தது. ஒருவர் உடைப்புகளை அடைத்துக் கரையை உயர்த்தியதோடு, பொன்னை முதலாக வைத்து, அதன் வட்டியில் ஆண்டுதோறும் ஏரியைப் பராமரிக்க ஏற்பாடு செய்தார். கரை மறுபடியும் உடையும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஒருமுறை பழுது பார்ப்பதற்கும் ஆண்டுதோறும் பார்ப்பதற்குமான வேறுபாட்டை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பொறியியல் அறிக்கையும் சொன்னதில்லை.

1763-இல் ஆர்க்காட்டு நவாப் முகமது அலி, இந்த வட்டாரம் அடங்கிய செங்கல்பட்டுச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீராக, அதாவது வருவாய் உரிமையோடு, கொடுத்தார். கும்பினிக்காகத் தாமஸ் பர்னார்டு 1767-க்கும் 1774-க்கும் இடையே ஜாகீரின் சுமார் 2,000 ஊர்களை அளந்தார். நிலம், ஏரி, தோப்பு என்று ஊர் ஊராகப் பதிந்த அந்தக் கணக்கு, விளைச்சலில் ஒரு பங்கு களத்திலேயே ஊர்ப் பணிகளுக்கென்று பிரிக்கப்பட்டதைக் காட்டுகிறது. ஹைதரின் படையெடுப்புக்குப் பின் வட்டாரம் பாழடைந்தது. 1794 முதல் 1798 வரை ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸ் ஏரிகளைப் பழுது பார்ப்பதில் முனைந்தார். மதுராந்தகத்தில் ராமர் ஏரிக்கரையைக் காத்ததாகச் சொல்லப்படும் கதையில் வரும் ஆங்கிலேயத் துரை அவரே. ஆனால் களத்துப் பங்கு நின்று, செலவு அரசின் கஜானாவைச் சார்ந்த பிறகு, ஏரி ஊரின் கையைவிட்டுப் போயிற்று. பொதுப்பணித் துறையை மட்டும் திட்டுபவர்கள் இந்த இரு நூற்றாண்டுக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1998-இல் முதல் சான்ட்ரோ வெளிவந்தது. 2010-இல் ரெனோ-நிசான், 2012-இல் டைம்லர், 2013-இல் ராயல் என்ஃபீல்டு என ஒரகடம் நிரம்பியது. வேலைக்கு வந்தவர்களுக்கு வீடு வேண்டும். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் ஆற்றுப் போக்கை ஒட்டிய தாழ்நிலங்கள் மனைகளாயின.

2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பதிவாயிற்று. அந்த வெள்ளத்தைப் பற்றிய பேச்சு முழுவதும் செம்பரம்பாக்கம் மதகுகளைச் சுற்றியே நடந்தது. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வரையில் அது பொருந்தும். ஆனால் செம்பரம்பாக்கத்து உபரிநீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலை அருகே. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே உள்ளவை. அவற்றை மூழ்கடித்தது மணிமங்கலம், ஆதனூர், படப்பை வட்டார ஏரிகளின் தண்ணீர். திறந்துவிட யாரும் உத்தரவிடத் தேவையில்லாத, கலங்கலில் தானாக வழியும் தண்ணீர். அதன்பின் ஆற்றை அகலப்படுத்துவது, மூடு கால்வாய்கள், ஒரத்தூர் அருகே ஏரிகளை இணைத்து நீர்த்தேக்கம் என்று பணிகள் தொடங்கின. வரத்துக்கால்வாய்கள் தூர்ந்து கிடக்கும்போது கடைமடையில் ஆற்றை அகலப்படுத்துவது பாதி வேலைதான்.

2022 ஜனவரி 1 முதல் மணிமங்கலம் காவல் நிலையம் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகத்தின் கீழ் இயங்குகிறது. ஊரைப் பார்க்க விரும்புபவர்கள் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாகப் போகலாம். மழை முடிந்த தை மாதம் ஏற்றது. பெருமாள் கோயில் கல்வெட்டுகளோடு ஏரியின் கலங்கலையும் பார்த்துவிட்டு வாருங்கள்.