வெள்ளியும் வியாழனும் பறக்கும் பொருள்களாகக் கருதப்பட்ட வரலாறு

வானில் காணப்படும் ஒன்று இன்னதென்று அறிய இயலாதபோது அது அடையாளம் தெரியாத பறக்கும் பொருள் எனப்படுகிறது. அமெரிக்க விமானப்படை 1969 வரை ஆராய்ந்த 12,618 அறிக்கைகளில் 701 மட்டுமே விளக்கம் பெறாதவை. விளக்கம் பெற்றவற்றுள் ஒளிமிக்க விண்மீன்களையும் கோள்களையும் கண்டு மயங்கியவை பல.

காவிரிப் படுகையில்

காவிரிப் படுகை மக்களுக்கு வெள்ளிக்கோள் பழக்கமானது. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலை, வெள்ளி தெற்கே விலகி மழை தவறினாலும் காவிரி வற்றாது என்னும் கருத்துடன் தொடங்குகிறது. வெள்ளியின் போக்கு மழையைத் தீர்மானிப்பதில்லை. ஆயினும் அதன் இடமாற்றத்தை அக்காலத்தவர் கவனித்தனர் என்பது இதனால் தெரிகிறது. மார்கழியில் கோயில்தோறும் பாடப்படும் திருப்பாவையின் 13ஆம் பாசுரம், வெள்ளியின் எழுச்சியையும் வியாழனின் மறைவையும் சேர்த்தே சொல்கிறது. கடிகாரம் பரவாத காலத்தில் விடிவெள்ளி முளைப்பதே உழவருக்கு வேலை தொடங்கும் அடையாளமாக இருந்தது.

லடாக் நிகழ்வு

இதே இரு கோள்கள் அண்மையில் எல்லைப் பதற்றத்துக்குக் காரணமாயின. 2012 ஆகஸ்டு முதல் 2013 பிப்ரவரி வரை லடாக் எல்லையிலுள்ள ஏரி ஒன்றின் மேல் 329 முறை ஒளிப்பொருள்களைக் கண்டதாக இந்தியப் படையினர் பதிவு செய்தனர். அவற்றுள் 155 எல்லைக்கோட்டைத் தாண்டி வந்தவை என்று கருதப்பட்டது. சீன உளவு ட்ரோன்களோ என்ற ஐயம் எழுந்தது. பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனம் ஆராய்ந்து, அவை வியாழனும் வெள்ளியுமே என்று அறிவித்தது. சென்னை, கொடைக்கானல் வானாய்வகங்களின் வழிவந்த இந்நிறுவனமே காவலூர் வானாய்வகத்தையும் நடத்துகிறது. 2013 ஏப்ரலில் இரு நாட்டுப் படைகளும் லடாக்கின் தெப்சாங் பகுதியில் நேருக்கு நேர் நின்றதை நினைத்தால், இத்தகைய தவறான கணிப்பின் ஆபத்து விளங்கும்.

மயக்கத்தின் காரணங்கள்

உயர்ந்த மலைகளில் காற்று அடர்த்தி குறைவாதலால் கோள்கள் கூடுதல் ஒளியுடன் தெரியும். அடிவானத்தருகே உள்ள விண்மீன் காற்றின் அலைவால் நிறம் மாறி மினுங்கும். மேகம் நகரும்போது விண்மீனே ஓடுவதுபோல் தோன்றும். இருளில் ஒற்றை ஒளியை உற்றுப் பார்த்தால், அசையாத ஒளியும் அசைவதாகக் கண்ணுக்குப் படும்.

கண்டறியும் முறை

ஒளியை ஒரு தென்னை உச்சியோடோ கோபுரக் கலசத்தோடோ பொருத்தி, நின்ற இடம் மாறாமல் பார்க்க வேண்டும். விண்மீனும் கோளும் மணிக்கு ஏறத்தாழ 15 பாகை வீதம் மற்ற விண்மீன்களுடன் சேர்ந்தே மேற்கு நோக்கி நகரும். மறுநாள் அதே நேரத்தில் ஏறக்குறைய அதே இடத்தில் தெரியும். விமானமோ ட்ரோனோ இவ்வாறு ஒழுங்காக வருவதில்லை.