எறிந்தபின் திரும்புதல்: ஜிரித் ஆட்டமும் பண்டைக் குதிரைப்படைப் பயிற்சியும்

குதிரைமேலிருந்து கோலெறியும் துருக்கியரின் ஜிரித் ஆட்டம் மத்திய ஆசியப் புல்வெளிப் போரின் எச்சம் என்பது பரவலான கருத்து. குதிரைப் பழக்கத்தைப் பொறுத்தவரை இது ஏற்கத்தக்கது. ஆயுதத்தைப் பார்த்தால் இடிக்கிறது. புல்வெளி வீரனின் முதன்மை ஆயுதம் வில். அப்படியானால் எறிகோல் ஆட்டம் எதைப் பழக்கியது? எறியும் கலையைவிட, எறிந்துவிட்டுப் பகைவனுக்கு முதுகு காட்டித் திரும்பும் ஆபத்தான கணத்தையே அது பழக்கியது என்று கருத இடமிருக்கிறது.

ஆட்டத்தின் அமைப்பே இதற்குச் சான்று. களத்தின் இரு முனைகளிலும் அணிகள் நிற்கின்றன. ஒருவன் பாய்ந்து சென்று எதிரணியில் ஒருவன்மீது முனை மழுங்கிய கோலை எறிந்துவிட்டுத் திரும்பி ஓட, இலக்கானவன் துரத்துகிறான். துரத்தியவன் எறிந்து திரும்பும்போது முதல் அணியிலிருந்து இன்னொருவன் அவனை விரட்டுகிறான். ஆகவே ஒவ்வொருவனும் ஒருமுறையேனும் இரையாகிறான். குதிரையின் விலாப்பக்கம் சரிந்து தப்புவதும், வரும் கோலைக் கையால் பிடிப்பதும் போற்றப்படுவது இதனால்தான்.

பண்டைய நூல்களும் இதே இடத்தில்தான் கவனம் குவிக்கின்றன. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கிரேக்க எழுத்தாளர் செனபோன், நீண்ட ஈட்டிக்குப் பதிலாக இரண்டு எறிவேல்களைப் பரிந்துரைத்தார்: ஒன்றை எறியலாம், மற்றதை முன்னும் பக்கமும் பின்னும் பயன்படுத்தலாம். அந்தப் ‘பின்னும்’ கவனிக்க வேண்டியது. ஏறத்தாழ கி.பி. 136இல் ரோமக் குதிரைப்படைப் பயிற்சியை விவரித்த கிரேக்க எழுத்தாளர் அர்ரியன், இரு அணிகள் இரும்பு முனையற்ற வேல்களை எறிந்து பழகியதைச் சொல்கிறார். அப்பயிற்சிகளுள் மிகக் கடினமானது, விலகிச் செல்லும்போதே உடலைக் குதிரையின் வால்பக்கம் முறுக்கிப் பின்னோக்கி எறிந்து, உடனே கேடயத்தை முதுகுக்குக் கொண்டுவருவது. அங்கவடி இல்லாத காலத்தில் இது!

இந்த ஒற்றுமையை வைத்து ஜிரித் ரோமிலிருந்து வந்தது என்று முடிவுகட்டுவது அவசரம். ரோமர்களே இப்பயிற்சிகளில் சிலவற்றை ஐபீரியரிடமும் கெல்டியரிடமும் கற்றனர் என்கிறார் அர்ரியன். கடிவாளமின்றியே குதிரையோட்டி வேலெறிந்த நுமிடியரோ வட ஆப்பிரிக்கர். எறிவேலின் வீச்சு குறைவு என்பதால் எறிபவன் நெருங்கியே ஆகவேண்டும். நெருங்கியவன் திரும்பியே ஆகவேண்டும். ஒரே சிக்கல் பல இடங்களில் ஒரே பயிற்சியைப் பிறப்பித்திருக்கலாம்.

இந்த வாதத்துக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. ஜிரித்தில் குதிரைமேல் கோல் பட்டால் புள்ளி குறைகிறது. எட்டிப் பிடித்த எதிரியை அடிக்காமல் ‘மன்னித்தால்’ புள்ளி கிடைக்கிறது. போரில் குதிரையை வீழ்த்தத் தயங்குபவர் யார்? இவை விளையாட்டு அறத்தின் விதிகள் என்று கொண்டாலும் வாதம் குலையாது. பழகிய குதிரைகளைப் பயிற்சியிலேயே முடமாக்கும் படை எதுவும் நெடுநாள் நிலைக்காது. மன்னிப்போ, துரத்தல் வென்றதற்கான கணக்கு: கைக்கெட்டும் தொலைவில் எதிரியின் முதுகு வந்துவிட்டபின், அடித்துக் காட்ட வேண்டிய தேவை பயிற்சிக்களத்தில் இல்லை.